நாற்பத்தொன்றாம் தட்டு

பிப்ரவரி 17, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை; உடம்புதான் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. உன் காது மெஷின் இன்னும் விசிலடிக்கிறதா? மாமாவின் முழங்கால் மழை வருவதை முன்கூட்டிச் சொல்லும் உத்தியோகத்தை விட்டதா?

போன வாரக் கடிதம் ஒரு நாள் பிந்தியதற்கு நீ எழுதிய வசவு கிடைத்தது. திங்கட்கிழமை மூன்று மணிக்குள் பெட்டியில் போடாத தம்பி உனக்குத் தேவையில்லையாம். போனில் பேசலாமென்றால் உனக்குக் கேட்காது, எனக்குக் கத்த வராது. ஆக, முப்பது வருஷத் தண்டனை தொடர்கிறது.

இன்று மியூசியத்துக்கு விடுமுறை. பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. மற்ற நாட்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுதான் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. காப்பாட்சியர் நான் மட்டும் பின்னறையில் உட்கார்ந்து பழைய அட்டைகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் நாலு வரி: பொருள், காலம், கிடைத்த இடம், கொடுத்தவர். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் அட்டையில் ஒரு பொய் எழுதியதில்லை. வாயால் சொன்னவை தனி.

பாடம் செய்து வைத்திருக்கிறோமே முதலை, அதன் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. எங்கள் கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர் அல்லவா? சும்மா இருக்க முடியாமல் தானே ஒரு பல் கட்டிவிட்டார். இப்போது முதலையைப் பார்த்தால் பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை சிரித்து வைப்பதைப் போல இருக்கிறது. 'காலம்' என்ற வரியில் எதை எழுதுவது, முதலையின் காலத்தையா, பல்லின் காலத்தையா?

மணி இரண்டே முக்கால். அலுமினியக் குவளையில் தண்ணீர் வைத்து ஹீட்டர் காயிலை முக்கியிருக்கிறேன். கொதிப்பதற்குள் ஓடிப்போய் இதைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து டீ குடிக்க வேண்டும். வயர்மேன் பார்த்தால் திட்டுவார். "அந்தக் காயிலைத் தூக்கிப் போடுங்க சார், பிளக்கெல்லாம் கறுத்துப்போகுது" என்று போன மாதமே சொன்னார். போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இது வாயால் சொன்னவற்றில் சேரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவின் முழங்காலுக்கும் என் அன்பைச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 20, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இதை முதலில் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள், மற்றதை அப்புறம் படி.

மியூசியம் திங்கட்கிழமை பிற்பகல் தீப்பிடித்துவிட்டது. விடுமுறை என்பதால் உள்ளே யாரும் இல்லை. கதவுப் பூட்டைத் தொட்டதில் என் வலது கையில் மட்டும் நாலு கொப்புளம். தீயணைப்புக்காரர் "உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். "ஒரு முதலை" என்றேன். அவர் என் தோளைப் பிடித்து நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். கலங்கித்தான் இருந்தது.

பின்னறை முழுவதும் போய்விட்டது. பதிவேடு, என் அட்டைகள் அத்தனையும். நடுக்கூடத்தில் பாதி. அங்கே இருந்த பதினெட்டு அடி மரப் படகும் போய்விட்டது. முன்கூடம் கரி பிடித்து நிற்கிறது.

காரணம் மின்கசிவு என்கிறார்கள். பின்னறை பிளக்குக்குப் பக்கத்தில் ஆரம்பித்ததாம்.

கை வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன். நீ கவலைப்பட்டு ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாதே.

தம்பி

பிப்ரவரி 28

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. நானும் மாமாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அவர் நொண்டுகிறார், நான் விசிலடிக்கிறேன்.

உன் திங்கட்கிழமைக் கடிதம் செவ்வாயன்று வந்தது. வியாழக்கிழமைக் கடிதம் மறுநாளே வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

கொப்புளத்தில் பற்பசை தடவாதே. உங்கள் பல் டாக்டரே சொன்னாலும் தடவாதே. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும் என்று மாமா சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வேறு ஏதாவது எழுத வேண்டியிருந்தால் எழுது. அவசரமில்லை. காது போனாலும் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா

மார்ச் 10, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அது பழைய கோணல், புண்ணின் மேல் பழி போடாதே. அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே?

பெரிய மியூசியத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். கரி பிடித்த பொருளை மீட்பதற்கென்றே படித்தவள். வாயில் பஞ்சை வைத்து எச்சில் தொட்டுத்தான் துடைக்கிறாள். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். "எச்சிலை மிஞ்சின மருந்து இல்ல சார். நீங்களும் துப்பலாம், ஆனா டீ காப்பி குடிக்காத வாயா இருக்கணும்" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஊரில் அவளுக்குப் பஞ்சுப் பெண் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது யார் என்று கேட்காதே.

முதலைக்கு முகம் கழுவியாயிற்று. பல் டாக்டர் வந்தார், கூடத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, நேரே போய் வாயைத் திறந்து பார்த்து, "என் பல்லு தாங்கிடுச்சு, கவனிச்சீங்களா?" என்றார்.

பின்னறைச் சாம்பலைப் பஞ்சுப் பெண் சல்லடையில் சலிக்கிறாள். கிடைப்பதையெல்லாம் எண் போட்ட தட்டுகளில் வைத்து, இது என்ன, அது என்ன என்று என்னைக் கேட்கிறாள். பதிவேடு எரிந்துபோனதால் இப்போது நான்தான் பதிவேடு. முப்பத்தெட்டாம் தட்டு: பூட்டு, சாவி அதிலேயே. முப்பத்தொன்பது: தராசுத் தட்டு, ஜோடி இல்லை, என்னைப் போலவே. நாற்பது: பித்தளைப் பொத்தான்கள் ஏழு. நாற்பத்திரண்டு: மூக்குக் கண்ணாடிச் சட்டம். அது என்னுடையது. ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். தொலைந்ததைக் கண்டுபிடிக்க ஒரு கட்டடத்தையே சலிக்க வேண்டியிருந்தது.

வயர்மேனை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒயரிங் செய்தது அவர்தானே. சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி

ஏப்ரல் 7, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க பயமாக இருக்கிறது. நான் எழுதி நாலு திங்கட்கிழமை ஆகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வசவு வந்தாலாவது உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும். மாமாவின் முழங்காலா? உன் கையா? தபால்காரர் மேல் சந்தேகம் வந்து அவரை நேரிலேயே கேட்டுவிட்டேன். அவர் இப்போது என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்.

இங்கே சமாசாரம் சுமார். வயர்மேனின் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அவர் ஒரு பல்புகூட மாட்டக் கூடாது. மாட்டச் சொல்லவும் யாருமில்லை. கடைவீதியில் எதிரே வந்தார். நான் துணிக்கடை பொம்மை உடுத்தியிருந்த சேலையை மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, "சார், நான் எர்த் கம்பியெல்லாம் சரியாத்தான் போட்டேன். நீங்க கூடவே நின்னு பார்த்தீங்களே, அதை மட்டும் விசாரணையில சொல்லிடுங்க" என்றார். கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

இன்னொன்று. அந்தப் படகைக் கொடுத்த அம்மாள் வந்திருந்தார். அவருடைய கணவர் தன் கையாலேயே செதுக்கியது. ஆள் போய்ப் பன்னிரண்டு வருஷம். படகு இருந்த இடத்தில் தரையில் நீளமாக ஒரு கறுப்பு. அதன் ஓரமாகவே நடந்து போய்த் திரும்பி வந்தார். "யார் பண்ணினாங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் வயர்மேன் என்றார்கள். நான் முதலையின் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். மாமாவும்.

இரண்டே கேள்வி. நாற்பதாம் தட்டுக்கு அடுத்து நாற்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நீ மக்கு என்பது தெரியும். ஆனால் இவ்வளவு மக்கு இல்லை.

இரண்டாவது. முப்பது வருஷமாக நீ எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் டீ இல்லாமல் இருந்ததில்லை. சளி பிடித்தால் டீ, மழை பெய்தால் டீ, யாராவது செத்துப்போனாலும் அந்த வீட்டு டீ எப்படி இருந்தது என்று எழுதுவாய். தீப்பிடித்த பிறகு மூன்று கடிதம் வந்துவிட்டது. நீ ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. உடம்புக்கு என்ன?

அக்கா

ஏப்ரல் 21, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கண்டதும் நிம்மதி. படித்ததும் அது போய்விட்டது.

டீயை டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வயிற்றுப் புண். எந்த டாக்டர் என்று கேட்பாய். பல் டாக்டர்தான், ஆனாலும் டாக்டர்.

நாற்பத்தொன்றாம் தட்டில் ஏதோ உருகிய உலோகம். பஞ்சுப் பெண் அதை இரண்டு தடவை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இது என்ன சார்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் அட்டையில் 'தெரியாத பொருள்' என்று எழுதிக்கொண்டாள். அவள் எழுத்து அழகாக இருக்கிறது.

மே 12 அன்று கமிட்டி கூடி அறிக்கையை முடித்துவிடும். ஒயரிங் கோளாறு என்று முடிந்தால் கூரைக்கு உதவி வந்துவிடும், மியூசியம் ஜூனில் திறக்கும், எல்லோரும் பழையபடி. வயர்மேனைத் தவிர. ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்: காப்பாட்சியரின் கவனக்குறைவு என்று வந்தால் அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஆளுக்கு ஐம்பத்தாறு வயது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது, பேச்சுத் துணைக்கு இருப்பது ஒரு முதலை. வீடு என்று எதற்குப் போவார், போய் என்ன செய்வார்? சும்மா, ஒரு பேச்சுக்கு.

மாமாவுக்கு வணக்கம். நீ உப்பைக் குறைத்தாயா?

தம்பி

ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

உப்பைக் குறைத்துவிட்டேன். நீ கேட்டதற்குப் பதில் அதுதான். நீ கேட்காததற்குப் பதில் உறைக்குள் இருக்கிறது.

ஆமாம், உன் பிப்ரவரி 17 கடிதம். தபால் முத்திரையைப் பார், மூன்று மணி. கடைசிப் பத்தியை நீயே படி. உன் கோணல் எழுத்து உனக்குப் புரியாவிட்டால் நான் சொல்கிறேன், எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஒரு மாதம் நான் எழுதாததற்கு முழங்கால் காரணமில்லை. கேட்டால் பொய் சொல்வாய், கேட்காவிட்டால் தானாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அப்புறம் கேட்டும் பார்த்தேன். பல் டாக்டர் தலையில் வயிற்றைக் கட்டினாய்.

சின்ன வயதில் மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டுப் பூனை தட்டிவிட்டது என்றாய். நம் வீட்டில் பூனையே கிடையாது. அப்பா சிரித்துவிட்டார், நீ தப்பித்தாய். வயர்மேன் பூனை இல்லை, தம்பி.

இந்தக் கடிதத்துக்கு நான் நகல் எடுக்கவில்லை. மாமாவிடம்கூடக் காட்டவில்லை. வைத்துக்கொள்வதோ அடுப்பில் போடுவதோ உன் இஷ்டம். அடுப்பில் போடுவதானால் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்.

வேலை போனால் இங்கே வா. ஒரு அறை இருக்கிறது. முதலைக்கு இடமில்லை.

அக்கா

மே 13, செவ்வாய்

அக்கா,

நலம் விசாரிக்காததை இந்த ஒரு தடவை மன்னித்துவிடு.

உன் உறையைச் சட்டைப்பையில் பத்து நாள் வைத்திருந்தேன். சட்டையைத் துவைக்கப் போட்டபோதுகூட எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தேன். அடுப்பின் பக்கம் இரண்டு தடவை போனதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று கமிட்டி. பல் டாக்டர், அறிக்கை எழுதும் அதிகாரி, பஞ்சுப் பெண், வயர்மேன். வயர்மேன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த ஒயர்த் துண்டுகளை ஒரு பையில் மாதிரிக்குக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்து, "நல்ல சரக்குதான் சார், பாருங்க" என்றார். யாரும் தொடவில்லை.

என் வாய் உனக்குத் தெரியும். அதை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. பேச ஆரம்பித்திருந்தால் மூன்றாவது வரியில் ஒரு நகைச்சுவை சொல்லி, ஐந்தாவது வரியில் பூனையைக் கூப்பிட்டிருப்பேன். அதனால் ஓர் அட்டை எழுதிக்கொண்டு போயிருந்தேன். நாலு வரி. எழுந்து போய், பஞ்சுப் பெண் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தவற்றில் நாற்பத்தொன்றாம் தட்டிலிருந்த அட்டையை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். பக்கத்தில் உன் கடிதம். மன்னிக்க, என் கடிதம்.

பஞ்சுப் பெண் உரக்கப் படித்தாள். பாதியில் அவள் குரல் இறங்கிவிட்டது.

தபால் பெட்டிக்குப் போய் வர பத்து நிமிஷம் போதும், ஏன் நேரமானது என்று அதிகாரி கேட்டார். அதையும் சொன்னேன். தபாலாபீஸ் வாசலில் ஸ்டாம்பு விற்கும் அம்மாள் தன் நாத்தனார் பெண்ணின் கல்யாணக் கதையைத் தொடங்கிவிட்டாள். மாப்பிள்ளை பந்தலை விட்டுக் காணாமல் போகிற கட்டம். அதை விட்டுவிட்டு என்னால் வர முடியவில்லை. ஐம்பது நிமிஷம். மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் அக்கா. படகு போய்விட்டது.

பல் டாக்டர் அட்டையை வாங்கித் தட்டிலேயே திரும்ப வைத்தார். "சொத்தைன்னா வலிச்ச அன்னிக்கே வரணும். மூணு மாசம் கழிச்சு வந்தா பிடுங்கத்தான் வேணும்" என்றார். நான் இப்போது காப்பாட்சியர் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. வயர்மேன் ஒயர்த் துண்டுகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம் ஆசையாகவே. கதவருகே நின்று, "தூக்கிப் போட்டேன்னீங்களே சார்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. உனக்குத் தபால் போடப் போன நேரம் என்று தெரிந்தால் நீ உன்னையே நொந்துகொள்வாய் என்று நினைத்தேன். அது பாதி. மீதி வெறும் பயம்.

தம்பி

ஜூன் 9, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? நீ அனுப்பிய படத்தில் மாமாவின் கைத்தடி கம்பீரமாக இருக்கிறது. இங்கே நான் இரண்டு கிலோ குறைந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மியூசியம் நேற்று திறந்தது. பஞ்சுப் பெண்தான் இப்போது காப்பாட்சியர். பதிவேடு எரிந்துபோனதால் எது என்ன என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. என்னை அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது என்பதால் ஒரு நாற்காலி கொடுத்து, அட்டை எழுதும் வேலையை மட்டும் தந்திருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு அட்டையையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள்.

உரிமம் திரும்பக் கிடைத்ததும் கமிட்டி முதலில் கூப்பிட்டது வயர்மேனைத்தான். இரண்டு வாரம் ஒயர் இழுத்தார். என் தலைக்கு மேலேயே ஏணி போட்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போனேன், இறங்கி வேறு இடத்தில் போட்டுக்கொண்டார். கடைசி நாள் பின்னறையைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டே, "இந்த ரூம்ல பிளக்கே கிடையாது" என்றார். எனக்கு அது சங்கீதமாகக் கேட்டது.

மறுநாள் நாலு மணிக்கு ஒரு பிளாஸ்க்கோடு வந்தார். மூடியில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். "குடிங்க. இனிமே நீங்க தண்ணி கொதிக்க வைக்க வேணாம்." சர்க்கரை போடவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. தினமும் வருகிறார்.

படகு அம்மாளும் திறப்பு நாளில் வந்தார். நாற்பத்தொன்றாம் தட்டு இப்போது நடுக்கூடத்தில், படகு இருந்த இடத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அட்டையைக் கிட்டப் போய்ப் படித்தார், பக்கத்தில் வைத்திருந்த என் பிப்ரவரிக் கடிதத்தையும் படித்தார். பிறகு பஞ்சுப் பெண்ணிடம், "துடுப்பு மட்டும் வீட்ல இருக்கு. கொண்டு வந்து தரேன். உன் கையிலதான் தருவேன், இந்த ஆள் கையில தர மாட்டேன்" என்றார். இன்று காலையே கொண்டு வந்தார், துடுப்பை வாங்கி மாட்டியாயிற்று. அட்டை நான்தான் எழுதினேன். அது மட்டும் பரவாயில்லையாம்.

நாற்பத்தொன்றின் அட்டையை உனக்கு நகல் எடுத்து எழுதுகிறேன்:

பொருள்: ஹீட்டர் காயில், அலுமினியக் குவளையோடு உருகி ஒட்டியது.
காலம்: பிப்ரவரி 17, பிற்பகல் இரண்டே முக்கால்.
கிடைத்த இடம்: இந்தக் கட்டடத்தின் பின்னறை. வயர்மேன் தூக்கிப் போடச் சொன்ன பிறகும் அங்கே இருந்தது.
கொடுத்தவர்: இங்கே காப்பாட்சியராக இருந்தவர்.

சரியாக இருக்கிறதா? மூன்று மணி ஆகப்போகிறது. பெட்டிக்கு ஓட வேண்டும்.

தம்பி

ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். புதிய காது மெஷின் வந்திருக்கிறது. மாமா முணுமுணுப்பது இப்போது தெளிவாகக் கேட்கிறது. பழையதே தேவலை.

அட்டை சரியில்லை. நாலாவது வரி தப்பு.

திங்கட்கிழமை மூன்று மணிக்குள் பெட்டியில் விழ வேண்டும் என்று முப்பது வருஷமாக உன்னை விரட்டியவள் நான். ஒரு நாள் பிந்தியதற்கு, தீப்பிடித்த நாளுக்கு முந்தின வாரம்தான் வசவு எழுதினேன். நீ கொதிக்கிற தண்ணீரை விட்டுவிட்டு ஓடியது யாருக்காக? உன் கடிதம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது என்று எழுதினேனே, உன்னைப் பிடிக்கத்தான் அத்தனை தடவை படித்தேன் என்றா நினைத்தாய்? முதல் வாரம் என்னைத்தான் பிடித்தேன். உனக்கு எழுதக் கையெழவில்லை.

ஆகவே இப்படி மாற்று: "கொடுத்தவர்கள்: இங்கே காப்பாட்சியராக இருந்தவர், அவருடைய அக்கா." பஞ்சுப் பெண் ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. முப்பது வருஷம் அட்டையில் பொய் எழுதாதவன், இப்போது பாதியை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

மாமாவின் முழங்கால் ஒப்புக்கொண்டால் அடுத்த மாதம் இருவரும் வருகிறோம். கண்ணாடிக்குள் என் கைக்கு வந்த கடிதம் இருக்கிறது, நானும் பார்க்க வேண்டாமா? வயர்மேனிடம் சொல்லி வை, எனக்குச் சர்க்கரை போட்டுக் கொண்டு வரச் சொல்.

இனிமேல் செவ்வாய்க்கிழமை எழுது. புதன்கிழமை வந்தாலும் படிப்பேன். முதலில் டீயைக் குடித்து முடி, பிறகு பெட்டிக்குப் போ.

அக்கா